கணபதியைத் தூக்க நாலு பேர்

பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுவதற்கு முந்தின நாள் கணபதி மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லயத்து ஆளுங்க நாலு பேரு என்னயத் தூக்கணும் பாப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

ஜெயந்தினி தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இப்ப எதுக்குப்பா இந்தப் பேச்சு?"

"பேசாம இருந்தா மட்டும் வராமப் போயிருமா?" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அந்த ஆசையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே அவளுக்குப் பட்டது. நமுனுகுலப் பக்கம் அவர்களுடைய வெள்ளோடைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தக் காம்பரா வீடுகளில், யார் செத்தாலும் நாலு பேர் தூக்கத்தான் செய்வார்கள். சாவு விழுந்தால் பாதிப் பொழுதோடு எல்லோரும் கொழுந்து பறிப்பதை விட்டு மலையிலிருந்து இறங்கிவிடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்கும். குழி வெட்டுவதும் பாடை கட்டுவதும் லயத்து ஆண்களின் வேலை. போய்க் கூப்பிட வேண்டியதில்லை. குடித்தே செத்தவனுக்கும் அந்த மரியாதை உண்டு, பெண்டாட்டியைப் போட்டு அடித்தவனுக்கும் உண்டு. மண்ணுக்குப் போகிறவனோடு என்ன வழக்கு என்பார்கள்.

கணபதி ஆமியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். அந்தத் தோட்டத்திலிருந்து ஆமிக்குப் போனவர் அவர் ஒருவர்தான். சார்ஜன்டாக வெளியே வந்தார். மனைவி விஜயலெட்சுமி மஞ்சள் காமாலையில் போனபோது ஜெயந்தினி இரண்டாம் வகுப்பு. ஊர் பேசிய இரண்டாம் கல்யாணத்துக்கு அவர் தலையாட்டவே இல்லை. பிள்ளையைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் போய்வந்தார். லீவில் வந்தால் அவளுக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். அந்தப் பின்னல் சாயந்திரம் வரைக்கும் ஒரு மயிர் கலையாது, நெற்றித் தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூட வெள்ளைக் கவுனின் மடிப்புகளைக் கரிப் பெட்டியால் அவர் தேய்த்துக் கொடுத்தால் உட்காரவே மனம் வராது. பட்டாளத்தில் கொடுக்கும் கல் மாதிரியான பிஸ்கட்டைத் தன் வாயைக் கட்டிச் சேர்த்துவைத்துக் கொண்டுவருவார். அதைத் தேநீரில் ஊறப்போட்டு, அது எப்போது இளகும் என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலையை விட்ட பிறகு பதுளையில் ஒரு கடைக்குக் காவல் நின்றுதான் அவளை டீச்சராக்கினார்.

சீருடையில் அவரை லயத்தில் பார்த்த ஞாபகம் மகளுக்கு இல்லை. சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் றில்வானின் தையல் கடைக்குள் போவார், சாரமும் சட்டையுமாக வெளியே வருவார், அப்புறம்தான் மலை ஏறுவார். கசங்கிவிடும் என்று பார்க்கிறார் என்பதே ஜெயந்தினியின் எண்ணம்.

உடம்பு தோட்டத்துக்கு வந்து சேர்ந்த சாயந்திரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மரண சங்கத் தலைவர் பொன்னையா, கணபதியோடு ஒன்றாக ஓடித் திரிந்தவர், வந்து நின்று வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் மறைப்புக்குத் தறப்பாள் கட்டவைத்தார். மறுநாள் மத்தியானம் குழிக்கு ஆட்கள் போனார்கள். தப்புக்காரர்கள் வந்து நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். பாதி நாளோடு இறங்கிய பெண்கள் கொழுந்துச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில், ஒருவரும் எதிர்பாராதபடி, கீழ் லயத்து ரெங்கம்மா இருந்தாள். இந்த வீட்டு வாசலை அவள் மிதித்துப் பல வருடம் இருக்கும். வந்தவள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள், முந்தானையை வாயில் வைத்து எடுத்தாள், ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதைக் கேட்டதும் ஜெயந்தினிக்கு மனம் நிறைந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று பொன்னையாவைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, ஆமியிலருந்தும் ஆள் வர்றாங்க. கொடி போத்தி மரியாதை செய்வாங்களாம். அதுக்கப்புறம் நாம தூக்கிக்கலாம்."

பொன்னையா பீடியை வாயிலிருந்து எடுத்தார். "யாரு வரச் சொன்னது?"

"நான்தான். ராத்திரியே போன் பண்ணிட்டேன். அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டாரு, ஒரு மரியாதை இல்லாம..."

"வேணாம்னு சொல்லிரு."

"பசறை டவுனத் தாண்டிட்டாங்களாம்."

பொன்னையா பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ஒங்கப்பன் இத்தன வருசமா செய்யாத காரியத்த நீ ஒரு போன்ல செஞ்சுட்டியே ஆயி. றில்வான் கடையில எதுக்கு உடுப்பு மாத்துனான்னு நெனச்ச? ரெங்கம்மா மகன் புவனேந்திரன லயத்துலருந்து எழுப்பிக் கொண்டுபோனது சீருடைக்காரனுங்க. எந்தச் சீருடைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ரெங்கம்மா ஒங்கப்பன் கால்ல வந்து விழுந்தா. போய்க் கேக்குறேன்னு போனான். திரும்பி வந்தவன் வாயத் தொறக்கல. கேட்டானா, கேட்டும் சொல்லலையா, கேக்கவே பயந்தானா, எனக்கே சொல்லல. அதுக்கப்புறந்தான் அவன் அந்த உடுப்போட மலை ஏறுறத விட்டான். அந்த ஒண்ணுக்காகத்தான் லயம் அவனச் சேத்துக்கிச்சு."

"இதெல்லாம் எங்கிட்ட யாருமே சொல்லலையே மாமா."

"நீ அப்ப பிஸ்கட்டு தின்னுக்கிட்டு இருந்த."

அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உள்ளே ஓடிப்போய் நம்பரை அழுத்தினாள். மணியே அடிக்கவில்லை. மலைக்குள் வந்தவர்களுக்கு சிக்னல் கிடைக்கவில்லை போலும். மறுபடி அழுத்துவதற்குள் கீழ் வளைவில் ட்ரக் ஏறும் சத்தம் கேட்டது.

முதலில் தப்பு நின்றது. அப்புறம், ஒருவரும் சொல்லாமலே, லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு கதவு சாத்தப்பட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. ரெங்கம்மா பாடிக்கொண்டிருந்த அடியைப் பாதியிலே விட்டாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். ஜெயந்தினி குறுக்கே போய் நின்றாள்.

"அத்தை, போகாதீங்க. அவங்கள அனுப்பிர்றேன்."

"அனுப்புனா போறவங்களா அவங்க?" ரெங்கம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. "ஒங்கப்பன் சாரத்தோட கெடக்கான்னுதான் அழ வந்தேன். செத்தவனுக்கு அழுதா தப்பில்லைன்னு பாத்தேன். இப்ப யாருக்கு அழுறது? விடு டீச்சர்."

பாப்பா என்று அவளைத் தூக்கி வளர்த்த லயம் அது. டீச்சர் என்று ரெங்கம்மா கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. எல்லோரும் இளவட்டம், கணபதியைப் பார்த்தேயிராதவர்கள். கூட்டி வந்த கோப்ரல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பழகாத தமிழில், "மிஸ், எங்க சார்ஜன்ட் மாத்தயா நல்ல மனுசன் எண்டு பெரியவங்க சொன்னது" என்றான். அவள் அவனைத் திரும்பிப் போகச் சொன்னாள். சிங்களத்திலும் சொன்னாள். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. மகளே கேட்டு வரவழைத்திருக்கிறாள், மகளே போகச் சொல்கிறாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று எண்ணித் தலையைத் தாழ்த்திக்கொண்டான். மரியாதை செய்யாமல் போனால் தனக்குத்தான் கேள்வி வரும் என்றான். இரண்டு பேர் கொடியை விரித்துப் பெட்டியின் மேல் போர்த்தி, ஓரங்களை இழுத்துவிட்டார்கள். மடிப்பு ஒன்றுகூட இல்லை.

ஜெயந்தினி பொன்னையாவின் கையைப் பிடித்தாள். "நாலே நாலு பேரு மாமா. கேட்டுப் பாருங்க. நான் வேணும்னா ஒவ்வொரு வாசல்லயும் விழுறேன்."

அவர் போனார். கதவுகளைத் தட்டும் சத்தம் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் உள்ளேயிருந்து யாரோ, "டீச்சர் நல்ல நாலு பேரத்தானே கூட்டி வந்துருக்கு. இன்னும் எதுக்கு நாங்க?" என்றது தெளிவாகக் கேட்டது. குழிக்குப் போனவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குறுக்கு வழியாக ஏறி வீட்டுக்குள் போயிருந்தார்கள்.

பொன்னையா தனியாகத்தான் திரும்பி வந்தார். "நான் ஒருத்தன் இருக்கேன். மத்த மூணு பேருக்கு எங்க போறது?"

"நீங்களாவது வாங்க மாமா."

அவர் பெட்டியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், சாத்திய கதவுகளைப் பார்த்தார். "ஒருத்தன் தோள் குடுத்தா அது தூக்குனதாகாது ஆயி. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல நான் இந்த லயத்து ஆளுங்களோடதான் போய் நிக்கணும்" என்றார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சிப்பாய்கள்தான் தூக்கினார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் வழி காட்ட வேறு ஆள் இல்லாததால் ஜெயந்தினி முன்னால் நடந்தாள். தேயிலைக்கு நடுவில் இறங்கும் அந்த ஒற்றையடிப் பாதையில் அவர்களுடைய பூட்ஸ் வழுக்கியது. குழி இடுப்பளவு ஆழம்கூட இல்லை. இரண்டு பேர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கிடந்த மண்வெட்டிகளை எடுத்து வெட்டினார்கள். களைப்புத் தெரியாமலிருக்க ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவன் சிரிக்கப்போய், அவளைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

குழி ஆனதும் கோப்ரல் வந்து கேட்டான். "தலை எந்தப் பக்கம் மிஸ்?"

அவளுக்குத் தெரியவில்லை. பெண்கள் பார்க்காத விஷயம் அது. சுற்றிப் பார்த்தாள். மேல் ரோட்டில் ஆண்கள் சிலர் குந்தியிருந்தார்கள். இருட்டுவதற்குள் எல்லாம் முடிகிறதா என்று பார்க்க வந்தவர்கள் போல இருந்தார்கள். அதில் பொன்னையாவும் இருந்தார்.

"மாமா," என்று கத்தினாள். "தலை எந்தப் பக்கம் வைக்கணும்?"

ஒருவரும் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து பொன்னையா உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தெற்கைக் காட்டினார். காட்டிவிட்டுக் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

கொடியை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். குழல் ஊதினார்கள். அவள் மூன்று பிடி மண் போட்டாள். மீதியை அவர்கள் தள்ளினார்கள். வேலை முடிந்ததும் கோப்ரல் போத்தல் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். ட்ரக் போய்விட்டது. மேல் ரோட்டில் அப்போது ஒருவரும் இல்லை.

எடுத்துப்போய்ப் புதைத்தவர்கள் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் தலை முழுகிவிட்டுத்தான் லயத்துக்குள் வர வேண்டும். ஒரு சாவென்றால் பீலியில் ஆண்கள் வரிசையாக நின்று, ஒருவன் முதுகில் ஒருவன் தண்ணீரை ஊற்றுவார்கள். ஜெயந்தினி போனபோது அங்கே லயத்துப் பெரியாயி ஒருத்திதான் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தாள்.

"முழுகுறதுக்கு நீ மட்டுந்தானா?"

"நான் மட்டுந்தான்."

பெரியாயி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். ஜெயந்தினி கொடியை வைக்க ஈரமில்லாத இடமாகத் தேடினாள். சுற்றிலும் பாசி பிடித்த கல்தான். கடைசியில் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடியே பீலிக்கடியில் போய் நின்றாள்.