பிற்சேர்க்கை எண் மூன்று

மார்லிஸ் காரில் ஏறி உட்கார்ந்து வெகுநேரமாகியும் கார் கிளம்பவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஹாட்டிஷ் பாத்திரத்தை வைத்து, அலுமினியத் தாள் போர்த்தி, அதற்கு சீட் பெல்ட் வேறு மாட்டியிருந்தாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுக்கு ஹாட்டிஷ் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கொத்துக்கறி, காளான் சூப், மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு. துக்கத்துக்கு இதைத் தவிர வேறு மருந்து எங்களுக்குத் தெரியாது. இறந்துபோனவள் ஆர்டிஸ் ராஸ்கி. தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருடத்துக்கும் மேலாக என் மனைவியின் இடது தோளை ஒட்டி நின்று பாடியவள். நீண்ட வரிகளில் மார்லிஸுக்கு எந்த இடத்தில் மூச்சு முடியும் என்று ஆர்டிஸுக்குத் தெரியும். அந்த இடத்தைத் தான் பாடி நிரப்பிவிட்டு, அடுத்த வரியில் தான் மூச்சு வாங்கும் இடத்தை மார்லிஸிடம் விட்டுவிடுவாள். கேட்பவர்களுக்கு ஒரே குரல் மாதிரி இருக்கும்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். மார்ச் மாதம், பனி பாதி கரைந்து வாசலெல்லாம் சேறு. அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, பெட்ரோல் இல்லையா?"

"வெண்டெல் வீட்ல இருப்பாரு."

"பொண்டாட்டி செத்தா மனுஷன் வீட்லதான் இருப்பான்."

"வெளையாடாத எர்லிங். அடுத்த வியாழக்கிழமை நம்ம டெண்டர் கவரப் பிரிக்கப் போறவரும் அவருதான்."

அதுதான் சங்கதி. ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது எங்கள் பஸ்கள். என் மாமனார் தொடங்கியது, இப்போது மார்லிஸ் நடத்துகிறாள், நான் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறேன். இத்தனை காலம் பள்ளிக்கூடங்களை நடத்தும் பள்ளி மாவட்ட வாரியம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே வந்தது. இந்த வருடம் வந்த புது வாரியம், எல்லாவற்றுக்கும் டெண்டர் என்று அறிவித்துவிட்டது. மினியாபோலிஸிலிருந்து ஒரு பெரிய கம்பெனி போட்டிக்கு வந்திருக்கிறது. நாங்கள் தோற்றால் கதை முடிந்தது. மஞ்சள் பஸ்ஸை வேறு யாருக்கு விற்பது? கோழி வளர்ப்பவன் வேண்டுமானால் வாங்கிக்கொள்வான். எங்களை நம்பியிருக்கும் டிரைவர்களை எந்தக் கோழிக்காரனும் வாங்கிக்கொள்ள மாட்டான்.

டெண்டர் விதிகளில் மௌன காலம் என்று ஒன்று உண்டு. டெண்டர் அறிவித்த நாளிலிருந்து முடிவு சொல்லும் நாள்வரை, போட்டியிடுகிறவர்கள் மாவட்ட ஊழியர் யாருடனும் பேசக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது. மீறினால் கவரைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். எதிராளி ஒரு புகார் எழுதினால் போதும்.

வேறு ஊர் என்றால் கண்டும் காணாமல் விட்டுவிடலாம். எங்கள் பள்ளி மாவட்டத்தின் கொள்முதல் அதிகாரி வெண்டெல் ராஸ்கி. எங்கள் ஷெட்டுக்கு ஏதாவது வேலையாக வந்து ஒரு வாய் காபி குடித்தால், போகும்போது மேசையில் அதற்கான சில்லறையை வைத்துவிட்டுப் போகிற மனிதர். ஒரு கிறிஸ்துமஸுக்கு மார்லிஸ் கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பா, மூடி திறக்கப்படாமல் திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் ஆர்டிஸ். அவளே மூடியைத் திறந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, "அவர் வாங்கக்கூடாதுன்னுதான் ரூல், நான் திங்கக்கூடாதுன்னு இல்ல" என்றாள். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் நூலகத்தில் வெண்டெல் ஒரு கூட்டம் போடுவார். பள்ளிக்கூடத்துக்கு எதையாவது விற்க நினைக்கிற பால்காரர், பெயின்ட்காரர், தரைமெழுகுக்காரர் எல்லோரும் வரலாம். எப்படிப் பதிவது, எப்போது கவர் போடுவது, எதற்காகத் தள்ளுபடி ஆகும் என்று பொறுமையாகச் சொல்லித்தருவார். கடைசியில் மறக்காமல் ஒன்று சொல்வார்: "உங்க ஒருத்தருக்கு ஒரு பதில் சொன்னா, அதே பதில எல்லாருக்கும் சொல்லிருவேன். ரகசியமா எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

"சாவு வீட்டுக்குக் கைய வீசிக்கிட்டுப் போவேனா?" என்றாள் மார்லிஸ். "போகாமயே இருந்துட்டா ஆர்டிஸ் என்ன நெனப்பா?"

"ஆர்டிஸ் ஒண்ணும் நெனைக்க மாட்டா."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள், ஹாட்டிஷுடையதை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பண்ற?"

"சந்தேகம் இருந்தா எழுத்து மூலமா கேக்கலாம்னு விதியிலயே இருக்கு. கேக்கப்போறேன்."

"அம்மா தாயே, அவன் பொண்டாட்டி இன்னிக்குக் காலையிலதான் செத்திருக்கா. அவனுக்கே டெண்டர் கேள்வி அனுப்புவியா?"

"அவரு லீவுல இருப்பாரு. ஆபீஸ்ல அவருக்குக் கீழ வேல பாக்குற பொண்ணு பாத்து பதில் போடும்."

இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினாள். மாவட்ட ஊழியர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் டெண்டர் போட்டவர் உணவு கொண்டுபோகலாமா, ஆராதனையில் கலந்துகொண்டு பாடலாமா என்று கேட்டாள். பெயர் எதுவும் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் அது தனிப்பட்ட தொடர்பு ஆகிவிடுமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அவள் எழுதியதில் ஒரு பிழை இருந்ததைத் திருத்திக் கொடுத்தேன்.

சாயங்காலமே பதில் வந்தது. டெண்டர் விதிகளோடு சேர்த்துவிடும் பிற்சேர்க்கை, எண் மூன்று. போட்டியிடும் எல்லோருக்கும் அனுப்பி, மாவட்டத்தின் இணையப் பக்கத்திலும் ஏற்றியிருந்தார்கள். அவள் கேட்ட கேள்வி அப்படியே மேலே. கீழே பதில்: "உணவு கொண்டுவருதல் கூடாது. ஆராதனை சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு லூத்தரன் தேவாலயத்தில் நடைபெறும். அது பொது நிகழ்ச்சி. எல்லாப் போட்டியாளர்களும் சமமாகக் கலந்துகொள்ளலாம். ஊழியருடன் பேசுதல் கூடாது. பாடுவது அன்பளிப்பாகக் கருதப்பட மாட்டாது." அதற்கும் கீழே வெண்டெல் ராஸ்கி என்று பெயர்.

மார்லிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு இல்ல. அவரே எழுதியிருக்காரு." கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வீட்ல அவள வெச்சிக்கிட்டு, உக்காந்து எனக்குப் பதில் எழுதியிருக்காரு எர்லிங்." விதிகளில் தொடர்புக்கு என்று வெண்டெல் பெயர் ஒன்றுதான் இருக்கிறது, அவர் செத்தாலும் கேள்வி அவருக்குத்தான் போகும் என்பது அனுப்பும்போது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

மறுநாள் ஊர் பூராவும் அதைப் படித்துவிட்டது. ஹாட்டிஷை எங்கள் டிரைவர்கள் ஷெட்டில் நின்றபடியே தின்று தீர்த்தார்கள். எங்களிடம் எல்லோரையும்விட அதிக காலம் வண்டி ஓட்டுகிறவள் லவான். பாத்திரத்தின் ஓரத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "டெண்டர் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் செத்தா நாங்க வீட்ல அடுப்பே பத்த வெக்க வேண்டாம்." எல்லோரும் சிரித்தார்கள், மார்லிஸும் சேர்த்து. பிறகு லவான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பாடு மார்லிஸ். வாயத் தொறந்தா பாட்டுக்கு மட்டும் தொற. எனக்கு வேற எடத்துல வேல குடுக்க ஆளில்ல" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை தேவாலயம் நிரம்பியிருந்தது. கடைசி பெஞ்சில் கறுப்பு சூட் போட்ட ஒரு இளைஞன் தனியாக உட்கார்ந்திருந்தான். கோல்பி. மினியாபோலிஸ் கம்பெனியின் ஆள், டெண்டர் விளக்கக் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். செத்தவளை முன்னே பின்னே பார்த்திராதவன் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு எதற்கு வருவான்? போட்டியாளர்கள் சமமாகக் கலந்துகொள்ளலாம் என்று வெண்டெல் எழுதிவிட்டார், இவனை அனுப்பிவிட்டார்கள், எங்களை வேவு பார்க்க. மார்லிஸ் வெண்டெலிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும், திங்கட்கிழமை புகார் போய்விடும். ஆராதனை முழுவதும் அவன் பிடரியில் அடிக்க வேண்டும் போல இருந்தது. தேவாலயத்தில் நினைக்கக்கூடாத நினைப்புத்தான்.

பாடகர் குழு எழுந்து நின்றது. மார்லிஸின் இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். முதல் இரண்டு வரிகள் நன்றாகப் போயின. மூன்றாவது நீண்ட வரியில், அவளுக்கு மூச்சு முடிகிற இடத்தில், பாட்டு அறுந்துவிட்டது. யாரும் நிரப்பவில்லை. நிரப்ப வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது, இத்தனை வருடமாக இரண்டு பேர் பாடியதை அவர்களும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பச் சேர்ந்துகொண்டாள். முன்வரிசையில் வெண்டெலின் தலை மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் சாப்பாடு. ஹாம் சான்ட்விச், காரட் சீவிப் போட்ட ஜெல்லி, காபி. கூடத்தின் ஜன்னல்கள் உத்தரத்தை ஒட்டி, வெளியே தரை மட்டத்தில் இருக்கும், போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும்தான் தெரியும். காபி ஊற்றுவது வழக்கமாக மார்லிஸ் வேலை. அன்று மற்றப் பெண்கள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டார்கள். வெண்டெலுக்கு ஒரு கப் காபி ஊற்றிவிட்டால் அதுவும் அன்பளிப்பாகிவிடுமே. ஊர் பூராவும் விதி படித்த வக்கீல்களாக மாறியிருந்தது.

வெண்டெல் ஒவ்வொரு மேசையாகப் போய் எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னைத் தாண்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் தன் காலிக் கப்பை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போனார். கப்பை வைக்க எத்தனையோ மேசை இருந்தது. மார்லிஸ் சோப்பு நுரைக் கையோடு திரும்பினாள். இரண்டு பேரும் ஒரு முழத் தூரத்தில். அவர் கப்பைத் தொட்டி ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. அவளும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரேயடியாக ஜெல்லியில் மூழ்கிவிட்டார்கள்.

கோல்பி சான்ட்விச் தட்டோடு பியானோ பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நேரே அவனிடம் போனேன்.

"தம்பி, அவ ஒண்ணும் பேசல."

"பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"பேசவும் மாட்டா. அவளும் செத்தவளும் கூடப் பொறந்தவங்க மாதிரி. தெரியுமா ஒனக்கு?"

"பாட்டு நடுவுல நின்னுதே, அதுலயே தெரிஞ்சுது சார்." அவன் குரலில் கிண்டல் எதுவும் இல்லை. "திங்கட்கிழமை எங்க மேனேஜர் கேப்பாரு, யார் யாரு என்ன பேசுனாங்கன்னு. நான் பொய் சொல்றவன் இல்ல சார். பாத்தத அப்படியே சொல்லிருவேன்."

அவன் தட்டைப் பியானோ மேல் வைத்தான். தொட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"ஒரு போன் பேசணும். வெளிய போறேன்."

"இங்கயே டவர் நல்லா கெடைக்குமே," என்றேன், மடையன் மாதிரி.

"எனக்குக் கெடைக்கல சார்," என்று சொல்லிவிட்டு மேல்கோட்டைக்கூட எடுக்காமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டான்.

கூடத்தில் பேச்சு மெல்ல அடங்கியது. பின்னால் வெண்டெல் தொண்டையைச் செருமினார். "மார்லிஸ்" என்று அவர் குரல் கேட்டது. முதலில் வாய் திறந்தது அவர்தான், காபிக்குச் சில்லறை வைக்கிற அந்த மனிதர். திங்கட்கிழமை தன் கையாலேயே இதை எழுதிப் பிற்சேர்க்கை எண் நான்கு என்று ஊருக்கெல்லாம் அனுப்பினாலும் அனுப்புவார். எங்கள் கவர் குப்பைக்குப் போனாலும் போகும். லவான் என்னைப் பார்த்தாள். நான் குறுக்கே போய் நிறுத்தியிருக்கலாம். மனம் வரவில்லை. மார்லிஸ் பதிலுக்கு ஏதோ சொன்னாள், பிறகு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். கம்பெனியில் நானும் பங்குதாரன், காதில் விழுந்தால் நானும் விதியை மீறியவனாகிவிடுவேன் என்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே கரைந்த பனிச் சேற்றில் ஒரு ஜோடி கறுப்பு ஷூக்கள், குதிகால் எங்கள் பக்கம், முனை சாலைப் பக்கம். குளிரில் ஒரு கால் மாற்றி ஒரு கால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. சேற்றுத் தண்ணீர் ஏறி ஏறி லேஸ் வரைக்கும் நனைந்துவிட்டது. அவை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.