ஒத்தி எடு, சலீமா

நாமக்கல் பஸ்ஸை விட்டு இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகத் தெருமுனை திரும்பிய சலீமா பீவியின் கண்ணில் முதலில் பட்டது லாரிதான். வேப்பமரத்தடியில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது. முன்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து, மட்கார்டின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் ஷேக் பரீத். அவளுடைய அக்காள் அலிமாவின் புருஷன். விடியற்காலையில் மவுத்தாகி உள்ளே கிடப்பவளின் புருஷன்.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவளுக்கு, அதைப் பார்த்ததும் கண்ணீர் நின்றுபோனது. சலீமாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். சாவு வீடு என்றெல்லாம் அது பார்க்காது.

"மச்சான்!"

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. சட்டை முழுக்க ஈரம்.

"வந்துட்டியா கண்ணு. உள்ள போ. உனக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க. குளிப்பாட்டணும்."

"நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"கபர்ஸ்தான் சேந்தமங்கலத்துல. அவ்வளவு தூரம் தோள்ல கொண்டுபோக முடியாது, லாரியிலயே வெச்சுக் கொண்டுபோயிரலாம்னு ஜமாத்துல சொல்லிட்டாங்க. நேத்து எரு ஏத்துன வண்டி. அதுலயா அவளைக் கொண்டுபோறது?"

"செரி, பாரம் ஏத்துற பலகையைக் கழுவுங்க, காய வைங்க. மட்கார்டுக்கு அடியில எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"அப்படியே காஞ்சா உப்புப் பூத்துரும் சலீமா. நம்ம கெணத்துத் தண்ணி அப்படி."

அட, இப்படியும் ஒரு மனுஷன் உண்டா! விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள்.

யுத்தம் முடிந்த பிறகு ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரி அது. மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டிலிருந்து மலையாட்கள் தலைச்சுமையாக இறக்கும் மிளகும் வாழைத்தாரும், அடிவாரத்து மரவள்ளிக்கிழங்கும் அதில்தான் சேலத்துக்குப் போயின. வாரத்தில் பாதி நாள் அவர் ஊரில் இருப்பதில்லை. இருக்கிற நாளிலும் வண்டியைக் கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காமல் துடைத்து முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். "என் சக்களத்தி குளிச்சுட்டு நிக்கிறா, போய்த் துவட்டி விடுங்க, சளி புடிச்சுக்கும்" என்று அலிமா சிரிப்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவளுக்கு அதுவும் ஒரு விளையாட்டு. கேட்டுக்கொண்டிருக்கும் சலீமாவுக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

உள்ளே அலிமா வெள்ளைப் போர்வைக்குள் சிறுத்துப்போய்க் கிடந்தாள். சலீமா அவள் நெஞ்சில் விழுந்து அழுதாள். அந்த ஊரில் இறந்துபோன பெண்களின் மய்யித்துகளைக் குளிப்பாட்டும் ஜைத்தூன் பீவி கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்துவிட்டு, தோளைத் தொட்டு எழுப்பினாள். எதிர்வீட்டு அத்தாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"பொண்டாட்டி மவுத்தான அன்னிக்கும் அந்த லாரிதானா இந்த மனுசனுக்கு?" என்றாள் சலீமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்படிச் சொல்லாதீங்கம்மிணி" என்றாள் அத்தாயி.

"நான்தான் வெளிய போகச் சொன்னேன்" என்றாள் ஜைத்தூன் பீவி. "மூச்சு அடங்குனப்ப மூஞ்சியெல்லாம் வேர்வை. இவரு தோள்துண்டை எடுத்துக்கிட்டுத் துடைக்கப் போனாரு. நான் கையப் புடிச்சுத் தடுத்துட்டேன். மவுத்தானதும் நிக்காஹ் முடிஞ்சுது புள்ள. புருஷன் பாக்கலாம், தொடக் கூடாது. நான் வெச்ச சட்டமா அது?"

"அந்தக் கை அப்படியே நின்னு போச்சுங்க" என்றாள் அத்தாயி. "துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளியில போனாரு. கொஞ்ச நேரத்துல கெணத்துல வாளி விழற சத்தம் கேட்டுச்சு."

சலீமா வாசல் பக்கம் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதற்காக இறங்கிவிடவில்லை. உசுரோட இருக்கையில் அந்த லாரியைத் துடைத்த நேரத்தில் பாதியை இவளுக்குக் கொடுத்திருந்தால் இப்போது இப்படிக் கை ஏங்குமா என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். ஜைத்தூன் பீவி "வா, வெயில் ஏறுது" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டின் பக்கவாட்டில், லாரி நிற்கும் மரத்துக்கு இந்தப் புறம் கயிறு கட்டி, நான்கு சேலைகளைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் குளிப்பாட்டும் பலகை. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அத்தாயி பின்கட்டிலிருந்து கொண்டுவந்து திரைக்கு வெளியே வைத்தாள். ஜைத்தூன் பீவி ஓதிக்கொண்டே ஊற்றினாள். சலீமா அக்காளின் தலைமுடியைப் பிரித்து அலசினாள். நீளமான முடி இப்போது எலிவாலாகிப் போயிருந்தது. திரைக்கு அப்பால் லாரியின் மேல் துணி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அது கேட்கும்போதும் சலீமா பல்லைக் கடித்தாள்.

கடைசியில் கற்பூரம் கலந்த தண்ணீர் ஊற்றி முடித்தாயிற்று. இனித் துவட்ட வேண்டும். ஜைத்தூன் பீவி உடம்பை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். புதுத் துண்டு ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு, போர்த்தியிருந்த துணிக்குள் கைவிட்டு முதுகைத் துடைத்தாள் சலீமா. பாத்திரம் தேய்த்தாலும் பிள்ளைக்குத் தலை துவட்டினாலும் அவளுக்குக் கை ஒரே அழுத்தம்தான். கஞ்சி போகாத துண்டு சரசரவென்றது.

திரைக்கு அப்பால் சத்தம் நின்றது.

"சலீமா."

அவள் கை நிற்கவில்லை.

"தேய்க்காத கண்ணு. முதுகுல புண்ணு இருக்கு. ஒத்தி எடு."

சலீமா துணியை விலக்கிப் பார்த்தாள். இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். ஆறி வரும் பக்குவத்தில், வெங்காயச் சருகு போல மெல்லிய தோல் மூடியிருந்தது. துண்டு பட்ட இடத்தில் அந்தத் தோல் சுருண்டிருந்தது. பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டாள்.

"அந்தத் துண்டு மொரடு" என்றது குரல். "சத்தத்துலயே தெரியுது. தகரப்பொட்டியில மேலாக அவளோட பழைய மல் சேலைத் துணி இருக்கும். தொவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். அத்தாயிய எடுத்தாரச் சொல்லு. ரமலான் முடிஞ்சு அவ படுத்ததுலருந்து அதுலதான் துடைச்சு விடுறேன்."

அத்தாயி ஓடிப்போய் எடுத்துவந்து திரை இடுக்கு வழியாகக் கொடுத்தாள். சலீமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தாயி, நீங்கதான குளிக்க வெச்சீங்க எங்கக்காளை? நான் அப்படித்தான நெனச்சுட்டு இருந்தேன்?"

"தண்ணி காய வெச்சுக் குடுக்கறதோட செரிங்கம்மிணி. தொட உட மாட்டாங்க. 'அவரு வரட்டும், அவருக்குத்தான் துவட்டத் தெரியும்'னு சொல்லிப்போடுவாங்க. அவரும் லோடு எறக்கிட்டு எந்நேரம் வந்தாலும் மொதல்ல இதைப் பாத்துட்டுத்தான் வண்டிகிட்டப் போவாரு. ஏனுங்க, உங்ககிட்டச் சொல்லலீங்களா உங்கக்கா?"

சொல்லவில்லை. வந்து போன நாட்களில் சலீமா லாரியைத் திட்டுவதையும் அலிமா சிரிப்பதையும் தவிர வேறு பேச்சே நடந்ததில்லை. என் வாய்க்கு எவள்தான் எதைச் சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டே பழைய துணியின் மடிப்பைப் பிரித்தாள்.

"பரீது, தள்ளிப் போப்பா" என்றாள் ஜைத்தூன் பீவி. "பொம்பள மய்யித்து குளிப்பாட்டுற எடத்துல ஆம்பளக் குரல் எதுக்கு?"

"தொடத்தானே கூடாது பெரியம்மா?" என்று வெடுக்கென்று கேட்டாள் சலீமா. "பேச்சு எங்க தொடுது?"

ஜைத்தூன் பீவி அவளை முறைத்தாள். எத்தனையோ மய்யித்துகளைப் பார்த்தவள். அலிமாவின் தலையைத் தன் கையில் வாகாக ஏந்திக்கொண்டாள்.

"மச்சான், துணி வந்துருச்சு. எங்கிருந்து ஆரம்பிக்கணும், சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம்.

"கழுத்து மடிப்புல. அங்கதான் தண்ணி தங்கும். மெதுவா. அவளுக்கு அங்க கூச்சம் ஜாஸ்தி."

சலீமா ஒத்தினாள். துணி பூப்போல இருந்தது.

"காதுக்குப் பின்னால. தோடு இருந்த ஓட்டையில தண்ணி நிக்கும், துணி நுனியை முறுக்கி வெச்சு எடு."

"செரி மச்சான்."

"வலது கைய முழுசாத் தூக்காத. தோள்பட்டை வலிக்கும். பாதி தூக்குனாப் போதும்."

வலிக்கும் என்கிறாரே என்று ஜைத்தூன் பீவி நிமிர்ந்து பார்த்தாள். சலீமா கையைப் பாதிதான் தூக்கினாள்.

"விரல் இடுக்கு ஒவ்வொண்ணும். எடது கைச் சுண்டுவெரல் வளைஞ்சிருக்கும், நிமித்தாத. அப்புறம் முதுகு. புண்ணைச் சுத்தித் துணியைச் சும்மா போத்து, வாயால ஊது. ஊதுனாத்தான் காயும்."

சலீமா குனிந்து ஊதினாள். கண்ணீர் சொட்டப் போனது. புறங்கையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

"கால் வீங்கியிருக்கும். அமுக்கிராத, குழி விழும். பாதத்துல வெடிப்பு இருக்கும் பாரு, அதுல ஈரம் இருந்தா ராத்திரி பூரா அரிக்குதுன்னு தூங்க மாட்டா."

ஒவ்வொன்றாகச் செய்தாள். அவள் வாழ்நாளில் எதையும் அத்தனை மெதுவாகச் செய்ததில்லை. பாதத்தின் வெடிப்பு வரை வந்து நிமிர்ந்தபோது முதுகு வலித்தது.

"காஞ்சிருச்சு" என்றாள் ஜைத்தூன் பீவி. மய்யித்தைச் சுற்றுவதற்காகப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த கபன் துணியை எடுத்து உதறப் போனாள். "புடி அந்தப் பக்கம்."

சலீமா அக்காளின் நெற்றியையும் கையையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். எங்கேயும் ஈரம் இல்லை.

"ஆச்சா கண்ணு?" என்று கேட்டார் ஷேக் பரீத். குரல் வெகு கிட்டத்தில் கேட்டது.

சலீமா திரும்பிப் பார்த்தாள். தொங்கவிட்ட சேலைக்கும் தரைக்கும் நடுவே அவர் பாதங்கள் தெரிந்தன. லாரியை விட்டு எப்போது வந்தாரோ, சேலை நெற்றியில் படும் அளவுக்கு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல மச்சான்" என்றாள். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு. முதல்லருந்து சொல்லுங்க."

ஜைத்தூன் பீவி அவளைப் பார்த்தாள். திரையின் கீழே தெரிந்த பாதங்களையும் பார்த்தாள். கபன் துணியை மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கழுத்து மடிப்புல…" என்று தொடங்கினார் அவர்.

சலீமா துணியை எடுத்து, காய்ந்திருந்த கழுத்தில் மெல்ல ஒத்தினாள்.