பதினேழு குலைக்கு நூறு பாட்

இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. தும்மல் வந்தால் மேசையைப் பிடித்துக்கொண்டு தும்முவேன். மேசை இல்லாத இடத்தில் அடக்கிக்கொள்வேன். தினமும் காலையில் என் மனைவி சந்திரமதி குனிந்து எனக்குக் காலுறை மாட்டிவிடுவாள். மாட்டும்போது தினமும் ஒரே கேள்வி.

"சுத்திப் பாக்கப் போன மனுசனுக்கு லோரியில என்னங்க வேல?"

நியாயமான கேள்விதான். நான் பாலோ பக்கம் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். இருபத்திரண்டு வயதுவரை லோரிக்குப் பழக்குலை ஏற்றினேன். அதன் பிறகு யோங் பெங்கில் ஒரு பலகை ஃபேக்டரி. பெயர் சின்னத்தம்பி. ஐம்பத்து நாலு வயதுக்கு ஒரு தடவையாவது பாஸ்போர்ட்டில் முத்திரை விழட்டும் என்று சந்திரமதியின் தம்பி காளிதாஸ்தான் எங்களைத் தாய்லாந்துக்குக் கிளப்பினான்.

போவதற்கு முன் இன்சூரன்ஸ் எடுத்தோம். ஆளுக்கு நாற்பத்தைந்து வெள்ளி. ஏஜெண்டு ஷர்மினி எங்கள் தாமான் குடியிருப்பிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிற பெண். பணத்தை வாங்கிப் பைக்குள் வைத்த பிறகும் விடவில்லை.

"எதுக்கெல்லாம் பணம் கெடைக்காதுன்னு வாசிக்கிறேன் அங்கிள், கேட்டுக்குங்க. முன்னமே இருந்த வியாதி. லைசென்ஸ் இல்லாம மோட்டார் ஓட்டுறது. கவனிக்காம விட்ட பை. குடிச்சிட்டு விழுறது."

காளிதாஸ் நிமிர்ந்தான். "ஒரே ஒரு பீர் குடிச்சிட்டு பாத்ரூம்ல வழுக்கினா?"

"கெடைக்காது."

"கடல்ல பாராசூட் கட்டிப் பறந்தா?"

"இந்த பாலிசியில கெடைக்காது அங்கிள்."

"அலமாக். அப்ப ரூம்ல படுத்துத் தூங்கினாத்தான் குடுப்பாங்களா?"

"தூங்கறப்ப கட்டில்லேர்ந்து விழுந்தா குடுப்பாங்க," என்றாள் ஷர்மினி, சிரிக்காமல். "கடைசியா ஒண்ணு. கூலி வாங்கிட்டு செய்யிற ஒடம்பு வேல."

"சுத்திப் பாக்கப் போற எடத்துல எவம்மா கூலி வேல செய்வான்?"

இதைக் கேட்டது நான்தான். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஹாட்யாயிலிருந்து கிராபிக்கு வேனில் போனோம். காலை பத்து மணி இருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை. இதைப் பார்க்கவா எல்லை தாண்டி வந்தோம் என்று சந்திரமதி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது வேன் நின்றது. முன்னால் ஒரு லோரியின் பின்கதவு திறந்துகொண்டு, குலைகள் ரோடு முழுக்க உருண்டு கிடந்தன. இரண்டு பையன்கள் அவற்றைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாய் அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இறங்கிப் போய் ஒருவன் கையிலிருந்த கூர் இரும்புக் கம்பியை வாங்கினேன். குத்தி, ஒரு கால் முன்னே வைத்து, உடம்பைத் திருப்பி வீசவேண்டும். கைக்கு அதில் வேலையே இல்லை. முதல் குலை நேராக லோரிக்குள் போய் விழுந்தது. பையன்கள் வாயைப் பிளந்தார்கள். முப்பத்திரண்டு வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லையே என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நிறுத்தாமல் பதினேழு ஏற்றிவிட்டேன். பதினெட்டாவது குலை லோரிக்குப் போகவில்லை. குலையும் நானும் சேர்ந்தே ரோட்டில் உட்கார்ந்தோம்.

என்னை வேனுக்குள் கிடத்தும்போது லோரி டிரைவர் ஓடி வந்து என் சட்டைப் பையில் நூறு பாட் தாளைத் திணித்தார். லோரியை ஒரு தடவை பார்த்தார், என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். முகத்தை மட்டும்தான் பார்த்தார் என்று காளிதாஸ் சொல்கிறான்.

"பாவம்னு குடுத்தாரு மச்சான்."

"கூலி."

"பிச்சக்காரன் மாதிரி மொனகிட்டுக் கெடந்தீங்க. அதப் பாத்துட்டுக் குடுத்தாரு."

"பதினேழு குலைக்குக் கூலிடா."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ஊசி, இரண்டு நாள் கட்டில். முப்பத்து மூவாயிரம் பாட். நம் காசுக்கு நாலாயிரத்து இருநூறு வெள்ளி. காளிதாஸ்தான் கட்டினான். அது அவன் மகள் லோஷினியைப் பத்து பாகாட் டவுன் காலேஜில் சேர்ப்பதற்கு வைத்திருந்த பணம். மாதக் கடைசிக்குள் கட்டியாக வேண்டும். இன்சூரன்ஸ் பணம் வந்ததும் அப்படியே தருகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவனிடம் சொன்னேன்.

ஷர்மினி கிளெய்ம் ஃபாரம் எழுதி அனுப்பினாள். கம்பெனியிலிருந்து போன் வரும் என்று சொன்ன நாளில், கோலாலம்பூரிலிருந்து சரியாகப் பதினோரு மணிக்கு வந்தது. ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்து நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அங்கிள்," என்று கிசுகிசுத்தாள் ஷர்மினி. "உள்ளத மட்டும் சொல்லுங்க. கத வேணாம்."

"வணக்கம் சார். கிளெய்ம் பிரிவுலேர்ந்து பிரேமலா பேசுறேன். நாலஞ்சு கேள்விதான். இதுக்கு முன்ன இடுப்புக்கு வைத்தியம் ஏதாச்சும் பாத்திருக்கீங்களா?"

"இருபது வருசமா ஒரு எம்.சி. லீவு எடுத்ததில்லம்மா. ஃபேக்டரியில கேட்டுப் பாருங்க."

ஷர்மினி கட்டைவிரலைக் காட்டினாள்.

"அன்னைக்குக் குடிச்சிருந்தீங்களா?"

"காலையில பத்து மணிம்மா. காளிதாஸே குடிக்கல."

காளிதாஸ் முறைத்தான். அதற்கும் ஒரு கட்டைவிரல்.

"ரோட்ட மறிச்சிக் கெடந்ததத்தான் எடுத்துப் போட்டீங்க, இல்லையா சார்?"

"ஆமாம்மா."

"அதுக்குப் பணம் ஏதாச்சும் வாங்கினீங்களா?"

"நூறு பாட்."

கட்டைவிரல் இறங்கியது. போனில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பிரேமலா நல்ல பெண். கொஞ்சம் யோசித்துத்தான் கேட்டாள்.

"அது வேலைக்குக் குடுத்த கூலியா சார்? இல்ல, உங்களுக்கு அடிபட்டதப் பாத்து மனசு கேக்காம குடுத்ததா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். காளிதாஸ் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, வாயை மட்டும் அசைத்து 'மனசு, மனசு' என்றான். நாலாயிரத்து இருநூறு வெள்ளி அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. சொல்லியிருந்தால் பொய்யாகக்கூட இருந்திருக்காது. டிரைவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பதினேழு குலை. ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. ஒன்றுகூட வெளியே விழவில்லை. அதைப் பார்த்த ஒருவர் எனக்குப் பிச்சை போட்டார் என்று என் வாயாலேயே சொல்லவேண்டுமா?

"கூலிதாம்மா," என்றேன். "மனசு கேக்காம குடுக்கிற அளவுக்கு நான் மோசமா ஏத்தல."

"சரி சார். கூலின்னே எழுதிக்கிறேன்."

ஷர்மினி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சந்திரமதி எழுந்து உலை வைக்கப் போனாள். போகிற வழியில், "நூறு பாட்டுன்னா பதிமூணு வெள்ளி," என்று மட்டும் சொன்னாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. கூலிக்குச் செய்த உடலுழைப்பு, ஆகவே தர இயலாது. கையெழுத்துப் போடுமுன் நான் கேலியாகக் கேட்ட அதே வரி.

நான் என் மோட்டார் சைக்கிளை ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு விற்றேன். இடுப்பு இருக்கிற நிலைமைக்கு அது வாசலில் சும்மாதான் நின்றது. பணத்தைக் காளிதாஸ் கையில் கொடுத்தேன். லோஷினியின் முதல் தவணைக்கு அது போதும். அவன் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாமி மேடைக்குப் போனான். அங்கே நான் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்த அந்த நூறு பாட் இருந்தது.

"மச்சான், இது பாவம்னு குடுத்த காசுன்னு ஒரு தடவ சொல்லுங்க. மிச்சத்துக்கு வருசக் கடைசிவரைக்கும் பொறுத்துக்கிறேன்."

"கூலி."

"அப்ப மாசா மாசம் கட்டுங்க லா."

அடுத்த சம்பளத்திலிருந்து கட்ட ஆரம்பிக்க வேண்டும். காளிதாஸுக்கு நான் தரவேண்டியது இன்னும் ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி.