சுண்டிய காசு

"இவனும் திருடன்" என்று அவள் தாளைக் கட்டிலின் ஓரத்தில் போட்டாள்.

மருத்துவமனைத் தலையணையில் சாய்ந்திருந்த அப்பா எட்டிப் பார்த்தார். "எப்படிக் கண்டுபிடிக்கிறே?"

முதலாண்டு மாணவர்களுக்கு அவள் கொடுத்த வீட்டுப்பாடம் அது. காசைச் சுண்டி, விழுந்ததை வரிசையாக எழுதி வர வேண்டும். பாதிப் பேர் சுண்டவே இல்லை. தோன்றியதை எழுதி வந்திருந்தார்கள்.

"நிஜமா சுண்டினா சில நேரம் தலையே வந்துட்டிருக்கும்ப்பா. பொய் எழுதறவனுக்கு அது பயம். தலை, பூ, தலை, பூன்னு மாத்தி மாத்திப் போட்டுடுவான்."

"நல்ல பசங்கதானே. ரெண்டு பக்கத்துக்கும் நியாயம் பண்றாங்க."

அப்பா உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். வீட்டுத் தகராறுகளையும் காசைச் சுண்டித்தான் தீர்ப்பார். பிடிப்பார், மூடுவார், தனக்கு மட்டும் தெரியும்படி பார்ப்பார், அறிவிப்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் பேனா நின்றது. சின்ன வயதில், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு. அடுத்த முறை அண்ணனுக்கு. பிறகு அவளுக்கு. பிறகு அண்ணனுக்கு.

"அப்பா. ஜன்னல் சீட்டு எனக்குத் தொடர்ந்து ரெண்டு தடவை வந்ததே இல்லையே."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு மூக்கிலிருந்த குழாய் ஆடும்படி சிரித்தார். "பிஎச்டி முடிக்கற அன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"திருட்டு ரெஃப்ரி."

"ரெண்டு பிள்ளை பெத்தவன் வேற என்னடி பண்ணுவான்?"

பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "பேசக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"சிரிக்கறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

காலையில் டாக்டர் அம்மாவையும் அவளையும் நடைவழிக்கு அழைத்து, இன்றோ நாளையோ என்று சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட நோயாளிகள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பதுதான் புள்ளியியலில் அவள் ஆய்வே. அப்பா அதைக் கேட்காமல் விடவில்லை.

"உன் கணக்கு என்ன சொல்லுது?"

"அது கூட்டத்துக்குத்தான்ப்பா சொல்லும். ஒரு ஆளுக்குச் சொல்லாது."

"கூட்டம் என்னிக்குமே என்னைத் திட்டத்தான் செஞ்சிருக்கு."

பிற்பகல் அவளுக்கு வைவா, பிஎச்டியின் கடைசி வாய்மொழித் தேர்வு.

"தள்ளி வைக்கச் சொல்லிடறேன்ப்பா. நான் இங்கேயே இருக்கேன்."

"போ."

"மாட்டேன்."

அப்பா மேசை மேலிருந்த சில்லறையைக் கண்ணால் காட்டினார். அவர் கை நீள்வதற்குள் அவள் ஒரு காசை எடுத்துக்கொண்டாள். "நீங்க சுண்டக்கூடாது. இனிமே நான்தான். தலைன்னா போறேன். பூன்னா இருக்கேன்."

சுண்டினாள். பிடித்தாள். விரல்களை லேசாகத் திறந்து பார்த்தாள். பூ.

அப்பா மோவாயைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலை" என்றாள்.

"அப்புறம் என்ன? ஓடு. ஷூ லேஸைக் கட்டிக்கோ."

வைவாவில் கடைசிக் கேள்வியை வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார். அவள் பலகைக்குப் போய் ஒரு கோடு வரைந்து விளக்கினாள். பேராசிரியர்கள் எழுந்து கை கொடுத்தார்கள். வெளியே வந்து, சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான் போனைப் பார்த்தாள். அம்மா பல முறை அழைத்திருந்தாள். திரும்ப அழைத்தாள்.

"தூங்கற மாதிரிதான் இருந்தாரு" என்றாள் அம்மா. "பாஸ்தானே?"

"பாஸ்."

மறுநாள் காலை அப்பா வீட்டுக் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். அண்ணன் விமான நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ போனப்புறம் ஒரே இளிப்பு. என்னன்னு கேட்டேன். 'பூதான் விழுந்துது, உம் பொண்ணு பொய் சொல்லிட்டுப் போறா'ன்னாரு."

"காசு என் கைக்குள்ளே இருந்துது. எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியைப் பார்த்தாராம். ஃபவுல் பண்ணினவன் ரெஃப்ரியைப் பார்ப்பானாம், அப்படிப் பார்த்தியாம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். யாரோ அவர் தலையை அவருக்குப் பிடிக்காத பக்கம் வாரியிருந்தார்கள்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் என்னைத் திரும்பக் கூப்பிடலையாம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'ஆட்டம் போகட்டும்'னு கையை இப்படி நீட்டினாரு."

ஃபவுலைக் கண்டும் விசில் ஊதாமல் விடும் ரெஃப்ரியைப் போல அம்மா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். வளையல்கள் முழங்கை வரை ஓடின. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பயனில்லை. தோள்கள் குலுங்கின.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பழைய கோல்கீப்பர் ஒருவர், ஒரு காலில் நின்றபடி, கதவிலிருந்த எண்ணை மறுபடி பார்த்தார்.