கில்டோரன் பிரபுவின் மூன்றாவது மகன்

விநாசித்தம்பியிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தாளை எடுத்தாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போடாமல் எழுதவே மாட்டார். மளிகைச் சீட்டாகட்டும், சம்பந்தி வீட்டுக்குக் கடிதமாகட்டும், முதலில் ஒரு ‘உ’. அது கிடக்கட்டும், நம்மில் யார்தான் போடுவதில்லை? ஆனால் மனிதர் ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரின் வம்சாவளிக்கும் போட்டார். வந்த வினை எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

அந்த வம்சாவளி கின்லாக் துரையின் பித்து. பினாங்கில் ஒரு நில அளவைக் கந்தோரின் பெரியவர் அவர். விநாசித்தம்பி அவருக்குக் கீழே பதினேழு வருடம் தலைமைக் கிளாக்கர். துரைக்குக் குடி கிடையாது, குதிரைப் பந்தயம் கிடையாது. அறுநூறு வருடத்துக்கு முன் போரில் செத்த கில்டோரன் பிரபு ஆலன் என்பவர் தன்னுடைய மூதாதை என்று நிரூபித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. பிரபுவுக்கு மூன்று ஆண் மக்கள். மூத்தவர்கள் இருவரும் தகப்பனோடு அதே களத்தில் விழுந்தார்கள். மூன்றாமவன் பெயர் வால்டர். அவனும் செத்தானா, தப்பினானா என்று எந்த ஏட்டிலும் இல்லை. அவன் தப்பிப் பிள்ளை குட்டி பெற்றிருந்தால்தான் துரை பிரபு வம்சம். இல்லையென்றால் துரை வெறும் துரை.

சீமையிலிருந்து கப்பல் தபாலில் கட்டுக் கட்டாகப் பிரதிகள் வரும். தேவாலயப் பதிவுகள், காணி உறுதிகள், யாரோ ஒரு பாதிரி கிறுக்கிய குறிப்புகள். கந்தோர் முடிந்த பிறகு விநாசித்தம்பி அவற்றை அழகான எழுத்தில் பெயர்த்து எழுதி, பெரிய அளவைத் தாளில் கோடு கோடாக வம்சத்தை இறக்குவார். பிறத்தியாரின் வம்சத்தைத் தோண்டுவதற்கு யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? ஒரு கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளையின் பூட்டனுக்குப் பூட்டன் யாரிடம் கடன்பட்டான் என்பது வரைக்கும் விசாரிக்கிற கூட்டம் அல்லவா! தாளின் உச்சியில் இருந்த சுழியைக் காட்டி இது என்ன என்று துரை ஒருநாள் கேட்டார். தடைகளை நீக்குகிற தெய்வம் என்றார் இவர். அப்படியானால் இருக்கட்டும், வால்டரைக் கண்டுபிடிக்க எனக்கு எல்லாத் தெய்வமும் வேண்டும் என்று துரை சிரித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஒரு வாரம் ஆகவில்லை, வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இரவோடு இரவாகக் கப்பலேறிப் போய்விட்டார்கள். காலையில் விநாசித்தம்பி கந்தோருக்குப் போனால் மேசைமேல் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் இரண்டு வரிக் கடிதம். பத்திரமாக வைத்திரு, உன்னை நம்புகிறேன். பதினேழு வருடம் கூட இருந்தவனிடம் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை. விநாசித்தம்பிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ‘உன்னை நம்புகிறேன்’ என்ற சொல்லில் மனிதர் விழுந்துவிட்டார். பெட்டியைச் சைக்கிளில் கட்டி டத்தோ கிராமாட் தெருவில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி தவமணி பெட்டியைப் பார்த்த உடனேயே, இதை அடுப்பில் போடுங்கள் என்றாள். இங்கிலீஷ்க் கடதாசி ஒன்று வீட்டில் அகப்பட்டாலே ஆளைக் கொண்டுபோகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

“அறுநூறு வருசத்துச் சனத்துக்கு என்னைக் கொள்ளி வைக்கச் சொல்லுறீரோ?” என்று அவர் சீறினார்.

“உயிரோட இருக்கிற எங்களை யோசியுங்கோ,” என்றாள் அவள். அவர் யோசிக்கவில்லை. பெட்டி அரிசிப் பீப்பாய்க்குள் போயிற்று. அரிசிதான் இல்லையே, இடத்துக்கு என்ன பஞ்சம்?

கந்தோர் போய்விட்டது. பின்வளவில் மரவள்ளி நட்டார், கிழங்கு தோண்டினார், அவ்வளவுதான் வேலை. பதினேழு வருடம் பேனை பிடித்த கைக்கு மண்வெட்டி சரிவரவில்லை. கொஞ்ச நாளில் மத்தியான வேளைகளில் பெட்டியைத் திறக்கத் தொடங்கினார். சும்மா பார்க்கத்தான் என்று ஆரம்பித்தது, பிறகு மைக்கூடும் வந்தது. ஒருநாள் துரை கவனிக்காமல் விட்ட ஒரு காணி உறுதியில், போர் முடிந்து இருபது வருடத்துக்குப் பிறகு சாட்சிக் கையெழுத்து வைத்தவன் பெயரைக் கண்டார்: ஆலனின் மகன் வால்டர். விநாசித்தம்பி துள்ளாத குறைதான். தாளில் புது மையால் கோட்டை இழுத்து வால்டரைத் தகப்பனோடு சேர்த்தார்.

அன்று பின்னேரம் அதை மகன் தயாபரனிடம்தான் முதலில் சொன்னார். தயாபரனுக்கு இருபத்து மூன்று வயது, ஒரே பிள்ளை. துறைமுகத்துப் பண்டசாலையில் ஜப்பான்காரனுக்குச் சாமான் பட்டியல் எழுதும் வேலை. எழுத்து அச்சு அசல் தகப்பனுடையது. பிரம்பு வைத்துப் பழக்கிய எழுத்து, வேறு எப்படி இருக்கும்? சுழியும் அதே சுழி. தகப்பன் சொன்னதைக் கேட்டுவிட்டு, உங்கள் துரை திரும்பி வந்தால் உங்களுக்கும் ஒரு பிரபுப் பட்டம் தரச் சொல்லுங்கள் என்று பகிடி பண்ணினான்.

நாற்பத்திரண்டு ஐப்பசியில் ஒரு காலை, ரேடியோப் பெட்டி தேடுகிறோம் என்று ராணுவப் பொலீஸ் தெருவில் இறங்கியது. விநாசித்தம்பி வீட்டுக்கு ஓர் அதிகாரி, மூன்று சிப்பாய்கள், மொழிபெயர்க்க ராமதாஸ் என்றொரு தமிழர். தயாபரன் இன்னும் வேலைக்குப் புறப்பட்டிருக்கவில்லை. தவமணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனாள். ரேடியோ அகப்படவில்லை. பீப்பாய்க்குள் இருந்த பெட்டி அகப்பட்டது.

அதிகாரி தாளை விரித்தான். இங்கிலீஷ் பெயர்கள், பெயருக்குப் பெயர் கோடு, ஓரத்தில் எண்கள், உச்சியில் ஒரு பிரபு. உளவுகாரர் கூட்டத்தின் படம் வேறு எப்படி இருக்கும்? விரலால் மையைத் தடவிப் பார்த்தான். பிறகு சுழியில் விரலை வைத்தான். மேசையில் தயாபரன் அன்று பண்டசாலைக்குக் கொண்டுபோக வைத்திருந்த சாமான் பட்டியல் கிடந்தது. அதன் தலையிலும் அதே சுழி, கீழே அதே எழுத்து. அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

ராமதாஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “பெரியவரே, இது சாமி சுழின்னு நான் சொல்லிட்டேன். அவன் கேக்க மாட்டேங்கிறான். மை புதுசுங்கிறான். எழுதுனது ஒரே ஆளு, அந்த ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்கிறான்.”

நான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். விநாசித்தம்பிக்கு அந்தச் சொல் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்கள் தண்ணீரை வயிறு முட்ட ஊற்றி மேலே ஏறி மிதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். வெட்கம் கெட்ட உயிர், அது தன்னைத்தான் முதலில் பார்க்கும். அதிகாரி இன்னொரு தரம் கேட்டான். தயாபரன் தகப்பனை ஒரு பார்வை பார்த்தான். அதில் கோபம் இல்லை, கேள்வியும் இல்லை.

“சாயா துலிஸ்,” என்றான். நான்தான் எழுதினேன் என்று ஊரே புழங்கும் மலாயில், அதிகாரிக்கே நேராக விளங்கும்படி சொன்னான். ராமதாசுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

லொறி தெருமுனை திரும்பிய பிறகுதான் விநாசித்தம்பிக்கு வாய் வந்தது. என்ன பிரயோசனம்? மறுநாள் விடிந்ததும் பொலீஸ் முகாமுக்குப் போய், எழுதியவன் நான், பிள்ளையை விடுங்கள் என்றார். தாள் கொடுத்தார்கள். சுழி போட்டுப் பத்து வரி எழுதிக் காட்டினார். அதிகாரி இன்னொரு தாளை எடுத்துப் போட்டான். தயாபரன் முதல்நாள் எழுதிக் கொடுத்தது, வித்தியாசம் ஒரு மயிரிழை இல்லை.

“மகனுக்காகப் பொய் சொல்ற அப்பனுங்களைத் தினமும் பாக்கிறேங்கிறான்,” என்றார் ராமதாஸ், நிலத்தைப் பார்த்தபடி. “வீட்டுக்குப் போங்க பெரியவரே. இன்னொரு தடவ வந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து லா.”

அவர் ஏழு தரம் போனார். இரண்டு தரம் அடித்துத் துரத்தினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவனுக்கு, பிறகு தொண்டை கிழியச் சொன்னாலும் அது பொய்தான். எட்டாவது தரம் ராமதாசே வீட்டுக்கு வந்தார். தயாபரனை வேறு நூறு பேரோடு சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

தவமணி அழுதாள், சமைத்தாள், துணி தோய்த்தாள். ஏன், எப்படி என்று அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காத ஒவ்வொரு நாளும் அவருக்கு நெஞ்சில் நெருப்பு. நான்தான் பேசாமல் நின்றேன் என்று சொல்லப் பலதரம் வாயெடுத்து, பலதரம் மூடினார். தெரிந்தால் முகத்தில் காறித் துப்புவாள் என்று பயம்.

அடுத்த ஆடி மாதம் சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீன் ஆள் அனுப்பினார். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவன் கடையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பினாங்குத் தயாபரனா, தெரியும் என்றான் அவன். கூலிகளுக்கெல்லாம் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பானாம். எந்தக் கடிதமும் போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதுவானாம். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது, ஒரே நாளில் நாற்பது பேரை எரித்தார்கள், அவர்களில் அவனும் ஒருவன். என்ன நாள் என்று விநாசித்தம்பி கேட்டார். அந்த ஆள் கையை விரித்தான். அங்கே ஞாயிறு ஏது, திங்கள் ஏது?

வீட்டுக்கு வந்து சொன்னபோது தவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கோயில் ஐயரிடம் போனார். பிள்ளை செய்ய வேண்டிய கருமத்தைத் தகப்பன் செய்யும் கொடுமைக்கு ஐயர் கண் கலங்கினார். செத்த திதி தெரியாவிட்டால் வீட்டை விட்டுப் போன நாளையே திதியாக வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அமாவாசையில் செய்யலாம், அம்மாவையும் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்.

அவர் தவமணிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். திதியைப் பற்றித்தான் பேச வந்தார். வந்தது வேறு.

“எழுதினது நான், தவமணி. போக வேண்டியவனும் நான்தான். கேட்கேக்க நான் வாய் திறக்கேல்ல. என்ர பிள்ளையை நான்தான் கொன்றனான்.”

அவள் காறித் துப்பவில்லை.

“எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்?” என்றாள். “ஒவ்வொரு மத்தியானமும் அந்தப் பெட்டியடியில உங்களுக்குத் தேத்தண்ணி வைச்சுத் தந்தது ஆர்? கதவுக்குப் பின்னால நிண்டு எல்லாம் கேட்டனான். அவனில்லை, இவர்தான் எண்டு ஓடிவந்து சொல்லக் கால் எடுத்தனான். சொன்னா உங்களைக் கொண்டு போவாங்கள். பெடியன் இளந்தாரி, தாங்குவான், திரும்பி வருவான் எண்டு நினைச்சிட்டன். நானும் சொல்லேல்ல.”

விநாசித்தம்பி தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். ஒன்பது மாதமாகத் தனியாகச் சுமந்ததாக நினைத்த பாரம். பக்கத்திலேயே இன்னொருத்தி அதே பாரத்தோடு அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அழ வேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை.

பிறகு, ஐயரிடம் எந்த நாளைச் சொல்ல என்று கேட்டார்.

“அமாவாசை வேண்டாம். கொண்டுபோன அந்த ஐப்பசி நாளையே சொல்லுங்கோ,” என்றாள் தவமணி. “அண்டைக்குத்தானே நாங்கள் ரெண்டு பேரும் அவனைக் குடுத்தனாங்கள்.”

அவர் எழுந்து சால்வையைப் போட்டுக்கொண்டு ஐயரிடம் சொல்லப் போனார்.