இரண்டாம் பிரஸ் பச்சையில் இருந்தது

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப் சுவரில் ஒரு பெரிய டிவி உண்டு. அதில் தெரிவது என் எக்செல் ஷீட். பிரஸ்ஸுக்குள் கையை நுழைக்கப்போகும் ஃபிட்டர், பக்கத்திலுள்ள கருவியில் வலது கட்டைவிரலை வைத்தால் ஷீட்டில் அந்த பிரஸ்ஸின் கட்டம் சிவப்பாகும், யாரும் ஓட்டக்கூடாது. வேலை முடிந்து அதே விரலை வைத்தால்தான் பச்சை. முன்பெல்லாம் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சுக்கே பூட்டு போடுவார்கள். நேரம் வீணாம், நிறுத்திவிட்டார்கள்.

சர்வரிலிருந்து புதுத் தகவலை இழுத்து நிறம் மாற்றும் மேக்ரோ, அதாவது ஷீட்டுக்குள் ஓடும் குட்டி புரோகிராம், என் பொறுப்பு. தகவல் வந்து சேரும்வரை அது காத்திருக்கும். டிவி அசையாமல் நிற்கும். போன வாரம் கஸ்டமர் வந்த நேரத்தில் அப்படி நின்றதில் சூப்பர்வைசர் பிரசன்னாவுக்கு மானம் போய்விட்டதாம்.

"இன்னா தங்கமாரி, ஸ்கிரீன் செத்துக் கெடக்குது. காத்துக்கினு இருக்கிற லைனைத் தூக்கு."

"தூக்குனா தகவல் வருமுன்ன பழசுக்கே கலர் அடிச்சிரும் சார். உள்ள ஆள் நின்னாலும் பச்சதான் காட்டும்."

"அதுக்குள்ள இன்னா குடி முழுகிடும்?" என்று என் சீட்டில் உட்கார்ந்து அவனே அந்த வரியை அழித்தான். பாவி.

இன்று இரண்டாம் பிரஸ்ஸில் தகடு சிக்கியது. அங்கே ஃபிட்டராக இருக்கும் என் அண்ணன் இசக்கிதுரை விரலை வைத்துவிட்டுப் பின்பக்கமாக வலது கையை நுழைத்ததைக் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தேன். மேக்ரோ ஓடியது. டிவி மூலையில் கடைசியாகப் புதுப்பித்த நேரம் மாறியது. நிறம் மட்டும் பழைய பச்சை.

"பச்சை கீது, போடு" என்றான் பிரசன்னா. முன்பக்கம் நின்ற ஆபரேட்டருக்கு அண்ணன் தெரியவில்லை.

"அண்ணன் உள்ள நிக்கான், போடாதிய" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிரஸ் இறங்கிவிட்டது. அண்ணனின் அலறல் எல்லா இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. பிரஸ்ஸைத் தூக்கியபோது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. கை, தகட்டோடு தகடாக நசுங்கிக் கிடந்தது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டினேன், ரத்தம் நிற்கவில்லை. கீழே விழுந்த அவன் ஸ்பேனரை ஏன் எடுத்தேனோ, எடுத்துக்கொண்டேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்போதுதான் டிவி சிவப்பானது.

ஆம்புலன்ஸில் ஏறினேன். பிரசன்னா ஓடிவந்து கதவைப் பிடித்தான்.

"தங்கமாரி, ரெண்டாம் பிரஸ் சிவப்பாவே கீது. அவன் விரல் வச்சாத்தான் மாறும். நீ மேக்ரோல பச்சையாக்கிட்டுப் போயேன், புரொடக்சன் நிக்குது."

கதவில் இருந்தது அவனுடைய வலது கை. ஸ்பேனரை ஓங்கி அதன்மேல் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சுருண்டு விழுந்தான்.

"இப்ப நீங்க வைங்க சார், விரல" என்றேன்.

கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.