ஐந்தருவி ஏற்றத்து நடுக்கம்

அவர் பெயர் சங்கிலிப்பாண்டி. காவல்துறையின் வயர்லெஸ் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காதில் விழுவது எதுவாயினும் அதனை நேரமும் இடமும் குறித்து எழுதிவைப்பது அவர் பழக்கம். பணி ஓய்ந்தும் அப்பழக்கம் ஓயவில்லை. மேலகரத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிய நேரம், பால்காரர் மணியடித்த நேரம், மேற்கிலிருந்து சாரல் இறங்கிய நேரம் ஆகிய யாவும் அவருடைய சிறு நோட்டில் நீல மையில் ஏறியிருக்கும். விடியுமுன் எழுவார், சீனியில்லாக் காப்பியை நின்றபடியே குடிப்பார், ஏழரை மணிக்குத் தம் மின்சாரக் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அக்கதவு அவர் மனைவி ஆனந்தவள்ளி ஏறுவதற்காகத் திறந்திருப்பது. அவள் ஏறுவதோ எங்கும் போவதற்கன்று, உறங்குவதற்கு.

ஆனந்தவள்ளி தென்காசியில் ஒரு மருத்துவமனையில் இருபத்தெட்டு ஆண்டுகள் செவிலியாக இருந்தவள். பெரும்பாலும் இரவுப் பணி. அந்நாளில் அவர்கள் கடையத்தில் குடியிருந்தார்கள். பணி முடிந்து காலைப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தாளென்றால், கடையம் வந்து நடத்துநர் எழுப்பும் வரைக்கும் அவளுக்கு உலகம் தெரியாது. வீட்டில் அடுப்பும் பிள்ளையும் காத்திருந்தமையால், அவளுடைய முழு உறக்கம் என்பது அந்த நாற்பது நிமிடமாகவே ஆகிப்போயிற்று. ஓய்வு பெற்று மேலகரத்துக்கு வந்த பிறகு வீடு அமைதியாயிற்று; கட்டிலில் புது மெத்தையும் வந்தது; உறக்கந்தான் வரவில்லை. ஒரு மாதம் மாத்திரை உட்கொண்டாள். அதன் மயக்கத்தில் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பின், மாத்திரையைக் கையால் தொடுவதில்லை என்று விட்டுவிட்டாள்.

"ஓடுத வண்டில ஒக்காந்தா தூங்கிருவேன். என்னைய எங்கனயாவது கண்டக்டர் வேலைல சேத்து விடுங்க" என்று அவள் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை. இரண்டு மாதங்கழித்து, ஓசையில்லாத வண்டி என்பதற்காகவே அந்த மின்சாரக் காரை வாங்கினார்.

கார் புறப்படுவதே தெரியாது. தெருதான் மெல்லப் பின்னோக்கி நழுவுவது போலத் தோன்றும். குற்றாலச் சாலைக்கு வரும்போதே ஆனந்தவள்ளியின் தலை கண்ணாடியில் சாய்ந்துவிடும். மலையின் மேற்பாதியை மேகம் விழுங்கியிருக்கும். அருவி வானத்திலிருந்தே நேராக அவிழ்ந்து விழுவதாகக் கண்ணுக்குப் படும். அதன் இரைச்சல் மூடிய கண்ணாடியைத் தாண்டி வருகையில், அடுத்த வீட்டில் யாரோ அரிசி புடைப்பது போலத் தணிந்து கேட்கும். நனைந்த தலையும் தோளில் துண்டுமாகச் சாலையைக் கடப்போர், சாரலுக்குள்ளிருந்து தோன்றிச் சாரலுக்குள்ளேயே கரைந்து போவர். கார் ஐந்தருவி வரை ஏறி, இலஞ்சி வழியாக வீடு திரும்பும்.

உறக்கத்தில் அவள் பேசுவாள்.

"ஏழாம் நம்பர் பெட்டுக்கு டிரிப்ஸ் முடியப் போவுது."

"மாத்தியாச்சு சிஸ்டர்" என்பார் சங்கிலிப்பாண்டி, வயர்லெஸில் விடை சொல்லும் அதே நிதானத்தோடு. அவள் முகம் தெளிந்துவிடும். மீண்டும் எங்கோ ஆழத்துக்குப் போய்விடுவாள். அந்நேரங்களில் தாமும் அவளுடைய பழைய வார்டினுள்ளே நடப்பதாக, இருபுறமும் நிற்கும் மரங்கள் யாவும் வெள்ளை விரிப்பு விரித்த கட்டில்களாக வரிசைப்பட்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். எழுப்ப மனம் வராமல் இன்னொரு சுற்றும் சுற்றுவார்.

இவ்வாறு மூன்று மாதங்கள் சென்றன. பிறகு ஒருநாள், வேகத்தடை ஒன்றில் காரின் அடிவயிறு உரசிற்று. ஆனந்தவள்ளி விழிக்கவில்லை, ஆயினும் சற்றுப் புரண்டாள். அப்புரளலே சங்கிலிப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே தென்காசியில் சக்கரம் சீர்செய்யும் பாரூக்கின் கடைக்குப் போனார். இப்பக்கத்தில் தாழ்ந்த காரை உயர்த்துவதற்கு எல்லாரும் செய்யும் வழி ஒன்றுண்டு. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையே கட்டியான ரப்பரைச் செருகிவிடுவார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர். கார் இரண்டு அங்குலம் நிமிர்ந்து நின்றது. வேகத்தடைகள் அதன்பின் ஓசையின்றிக் கடந்தன.

அடுத்த வாரம் நடுக்கம் தொடங்கியது.

ஐந்தருவி ஏற்றத்தின் இரண்டாம் வளைவில், மிதியைக் காலால் அழுத்திய மாத்திரத்தில், முன்பக்கத்தின் அடியிலிருந்து கடகடவென்று ஓர் ஓசை. அத்துடன் ஸ்டியரிங், இருக்கை, தரை எல்லாம் சன்னமாக உதறின. நான்கு நொடிதான். ஆனந்தவள்ளி சட்டென்று கண்விழித்து நிமிர்ந்தாள். அதன்பின் அன்று முழுதும் அவளுக்கு உறக்கம் கூடவில்லை.

"07.52. ஐந்தருவி ஏற்றம், இரண்டாம் வளைவு. வேகம் முப்பது. நடுக்கம். வள்ளி விழித்தாள்." அன்று முதல் நோட்டின் பக்கங்களில் இதுவே திரும்பத் திரும்ப வந்தது.

திருநெல்வேலியிலுள்ள சர்வீஸ் நிலையத்துக்கு அவர் காரைக் கொண்டு சென்றார். அங்கே சுவரில் இருந்த ஒரு பலகையைக் கார் வாங்கியபோதே அவர் படித்திருந்தார். வெளியிற் பொருத்திய பொருளால் வரும் பழுதுக்கு நிலையம் பொறுப்பாகாது என்பது அதன் சாரம். ஆகவே ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் பாரூக்கின் கடையில் ரப்பர்களைக் கழற்றினார். திரும்பி வந்த அன்றே மாட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, போலீஸ்ல இருந்துட்டு நீங்களே தடயத்த அழிக்கியளே" என்று பாரூக் ஜாக்கியை உருட்டிக்கொண்டே சொன்னான்.

"ஏலே, ரப்பருக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? சத்தம் மோட்டார்ல வருது. ரப்பர் சக்கரத்துக்கு."

சர்வீஸ் நிலையத்தின் முத்துச்செல்வம் நல்ல பையன், ஆலங்குளத்துக்காரன். முதல் முறை காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணுமே இல்லியே, தண்ணி கணக்கா போவுது" என்றான். இரண்டாம் முறை, அவர் காட்டிய நோட்டின் மேலுள்ள மரியாதையினால், முன்பக்கத்து ஆக்சில் இரண்டையும் மாற்றித் தந்தான். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் தண்டுகள் அவை. மறுநாட்காலை முதற்சுற்று அமைதியாகத்தான் போயிற்று. சில நாட்களில், அதே வளைவில், பழைய நடுக்கம் வந்து நின்றது. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் தணிந்துவிடும் குழந்தையைப் போல, இக்காரும் தம்மை ஏமாற்றுவதாகச் சங்கிலிப்பாண்டி வருந்தினார்.

ஆவணி மாதம் பிறந்தபோது ஆனந்தவள்ளி ஒன்பது நாட்களாகச் சரியான உறக்கமின்றி இருந்தாள். குழம்புக்கு இருமுறை உப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை மறந்து, வாசலில் நின்று யோசித்தாள். ஒரு காலையில், திறந்த கதவின் முன்னே வந்து நின்றவள் ஏறவில்லை.

"இன்னைக்கு வேண்டாங்க. அந்த வளைவு வருமேன்னு முழிச்சுக்கிட்டே ஒக்காந்திருக்க மாரி இருக்கு. பேசாம அந்த மாத்திரையவே வாங்கிருவோம்."

சங்கிலிப்பாண்டி கதவை மூடவில்லை. குளியலறைத் தரையில் அவள் கிடந்த கோலம் அவர் கண்முன் வந்து போயிற்று.

அன்று மாலை தாம் மட்டும் போய் ரப்பர்களைக் கழற்றிவைத்துவிட்டு, மறுநாள் மூன்றாம் முறையாகத் திருநெல்வேலிக்குப் போனார். வீட்டில் தனியே விட மனமின்றி, இம்முறை ஆனந்தவள்ளியையும் அழைத்துச் சென்றார். முத்துச்செல்வம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இம்முறையும் ஒன்றும் பிடிபடாமல் கையைப் பிசைந்தான்.

"சார், திங்கக்கெழம வண்டிய விட்டுட்டுப் போங்க. மோட்டாரோட கியர்பாக்ஸை எறக்கிச் சென்னைக்கு அனுப்பிப் பாக்கணும். ஒரு மாசம் ஆவும்."

ஒரு மாதம் என்ற சொல் சங்கிலிப்பாண்டியின் காதில் நெடுநேரம் நின்றது. திரும்பும் வழியில் வெயிலும் தூறலும் மாறி மாறி விழுந்தன. ஆலங்குளம் தாண்டியதும் காற்றாலைகள் வயல்களின் மேல் மிக மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே ஆனந்தவள்ளி கண்ணயர்ந்தாள். பாவூர்சத்திரத்துக்கு அருகில் ஒரு வேகத்தடை. ரப்பரில்லாக் காரின் வயிறு கரகரவென்று உரசிற்று. அவர் மூச்சடக்கித் திரும்பிப் பார்த்தார். அவள் விழிக்கவில்லை. இரண்டாவது உரசலுக்கும் விழிக்கவில்லை. பாரூக்கின் கடையில் கார் நின்ற பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

"இங்க எதுக்கு வந்திருக்கோம்?"

"டயருக்குக் காத்துப் பாக்க" என்றார் அவர்.

பாரூக்கோ அதற்குள் நான்கு ரப்பர்களையும் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "அக்கா, நல்லாருக்கியளா? மூணாவது தடவையாக் கழத்தி மாட்டுதோம். இந்த ரப்பருக்கே கால் வலிக்கும்."

ஆனந்தவள்ளி இறங்கி, நாற்காலியில் அமர்ந்து, கணவரின் நோட்டைக் கேட்டு வாங்கினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வார்டில் நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்க்கும் பார்வை அது. சங்கிலிப்பாண்டி அதனைப் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை.

"நடுக்கம் எழுதிருக்கு. சர்வீஸ் எழுதிருக்கு. பாரூக் தம்பி கடைய எழுதலியே?"

"அதுல எழுத என்ன இருக்கு?"

"எந்த மருந்த எப்பக் குடுத்தோம்னு எழுதாம, காய்ச்சல மட்டும் எழுதி வச்சா, டாக்டர் என்னத்தப் பாப்பாரு? ரப்பர் எப்பப் போட்டிய?"

அவர் நினைவிலிருந்து நாளைச் சொன்னார். அவள் விரல் நோட்டில் மேலே நகர்ந்து, முதல் நடுக்கத்தின் தேதியில் நின்றது. ஆறே நாள்.

பாரூக் காரின் அடியில் தவழ்ந்து போனான். சற்று நேரங்கழித்து அவன் குரல் மட்டும் வந்தது. "அண்ணாச்சி, ரப்பரை வச்சா இந்த ஆக்சில் சரிஞ்சு நிக்கும். டீசல் வண்டின்னா எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் தெரியாது. இது கால் பட்டதும் முழு இழுப்பு இழுக்கும்லா? சரிஞ்ச ஜாயிண்ட்ல அந்த இழுப்பு விழுந்தா ஒதறத்தான் செய்யும். நானே யோசிக்கல பாருங்க."

சங்கிலிப்பாண்டி நாற்காலியருகே வந்து நின்றார். பிறகு மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வேகத்தடையில ஒரசுனா நீ முழிச்சுருவேன்னுதான் வள்ளி போட்டேன்."

"ஒரசுனா நான் எதுக்கு முழிக்கேன்? கடையம் பஸ்ஸு ஒரசாத நாள் உண்டா? தூக்கித் தூக்கிப் போடும், நான்பாட்டுக்குத் தூங்குவேன்." அவள் நோட்டை மூடினாள். "இந்த நடுக்கந்தான் ஆவாது. வார்டுல ராத்திரி யாருக்காவது வலிப்பு வந்தா கட்டில் கம்பி இப்படித்தான் சன்னமா ஒதறும். அது என்னன்னு தெரியுததுக்கு முந்தியே எந்திரிச்சு ஓடிருப்பேன். இருவத்தெட்டு வருசம். ஒடம்பு மறக்குமா?"

ரப்பர்களை அன்று மாட்டவில்லை. பாரூக் அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு செய்தியும் சொன்னான். "ஜாயிண்ட் தேஞ்சு அதுல கோடு விழுந்திருக்கும், அண்ணாச்சி. இப்பக் கொறையும், முழுசாப் போவாது. ஆக்சிலத் திரும்ப மாத்தித்தான் ஆவணும். ஆனா ரப்பர் கதையச் சொன்னியன்னா, கம்பெனில கைய விரிச்சிருவாவ. சொல்லாம விட்டியன்னா, கியர்பாக்ஸைக் கழத்திருவாவ."

மறுநாள் ஏழரை மணிக்கு வாசலில் கதவு திறந்திருந்தது. ஆனந்தவள்ளி ஏறினாள். சாரல் கண்ணாடியில் மாவு தூவினாற்போல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலச் சாலையில் மரங்கள் ஒவ்வொன்றாக வெண்மைக்குள் போய் மறைந்தன. வேகத்தடையில் கார் ஒருமுறை உரசிற்று. அவள் உதட்டோரம் மட்டும் அசைந்தது. ஐந்தருவி ஏற்றம் வந்தது. இரண்டாம் வளைவில் அவர் வழக்கம்போல் மூச்சடக்கிக் காலை அழுத்தினார். தரை உதறவில்லை. எங்கோ மிக அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல, மெல்லிய முனகல் ஒன்று மட்டும் எழுந்து அடங்கிற்று. வயர்லெஸ் கேட்டுப் பழகிய அவர் காதுக்கன்றி வேறு யாருக்கும் அது எட்டியிராது.

"ஏழாம் நம்பரு தூங்கிட்டானா?" என்றாள் ஆனந்தவள்ளி, கண் திறவாமல்.

"தூங்கிட்டான் சிஸ்டர்."

மேலே சாலையோரம் காரை நிறுத்தி அவர் நோட்டை எடுத்தார். அருவி கண்ணுக்குப் படவில்லை; அதன் ஓசை மட்டும் காரைச் சூழ்ந்து நின்றது. நேரமும் இடமும் எழுதினார். அதன் கீழே, பாரூக்கின் கடைக்குப் போன ஒவ்வொரு நாளையும் நினைவுபடுத்தி, ரப்பர் மாட்டியது, கழற்றியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி முடித்தார். மஞ்சள் பை பின்னிருக்கையில் கிடந்தது. திங்கட்கிழமை அந்தப் பையையும் இந்த நோட்டையும் முத்துச்செல்வத்தின் மேசைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவதென்று சங்கிலிப்பாண்டி முடிவு செய்தார்.